கறுப்பு அரிசிக்கு ஒரு சல்லடை

போத்தனூரிலிருந்து வெள்ளலூர் போகிற சாலையில் இருந்த அந்த மாவு மில்லுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ராசாத்தாள் மில் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். மில்லை ஆரம்பித்தவர் அவளுடைய கணவர் காளிச்சாமிதான். ஆனால் மாவுத் தூசி அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றே வருடத்தில் இழுப்பு வந்து, இனிமேல் மில்லுக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது எழுபத்தெட்டாம் வருடம். இருபத்தாறு வயது ராசாத்தாள் முந்தானையைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போய் சுவிட்சைப் போட்டாள்.

கொடுமுடிப் பக்கத்தில் மஞ்சளும் கரும்பும் விளைகிற வீட்டில் பிறந்தவள். அதுவரை மோட்டாரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆறே மாதத்தில் பெல்ட் மாட்டவும், பேரிங்குக்கு கிரீஸ் வைக்கவும், ஓடுகிற சத்தத்தை வைத்தே கல் தேய்ந்துவிட்டதென்று சொல்லவும் பழகிக்கொண்டாள்.

மில்லில் அவளுக்குப் பிடித்த நேரம் அரைக்க வருகிறவர்கள் கொண்டுவரும் பாத்திரத்தின் மூடியைத் திறக்கிற நேரம். உள்ளே இருப்பதைப் பார்த்தே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். கேழ்வரகும் முளைகட்டிய பயறும் வந்தால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது. உளுந்து கூடுதலாகப் போட்ட முறுக்கு அரிசி வந்தால் எங்கோ சீர் போகிறது. உம்மல் குல்சும் பச்சரிசியை நொய்யாக உடைத்துக்கொண்டு போனால் நாளைக்கு நோன்பு ஆரம்பம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அவளுக்குத் தெரியாத தானியமே இல்லை என்று ஆகிவிட்டது. ஒன்றைத் தவிர.

டிசம்பர் பிறந்தால் ரயில்வே காலனியிலிருந்தும் சர்ச் பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அச்சுமுறுக்குக்கு ஊறவைத்து உலர்த்திய அரிசி, கேக்குக்குப் பொடிக்க வேண்டிய வெள்ளைச் சர்க்கரை. இதெல்லாம் தெரிந்த கதை. ஹில்டா ரொசாரியோ கொண்டுவருவது மட்டும் வேறு. ரயிலில் கார்டு வேலை பார்த்து இறந்துபோன ஆங்கிலோ இந்தியர் ஒருவரின் மனைவி அவர். பூப்போட்ட கவுன், கையில் குடை, கூடையில் ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் கரிக்கட்டை நிறத்தில் அரிசி.

அதை அரைத்தால் மாவு கத்தரிப்பூ நிறத்தில் விழும். அடுத்து அரைக்க வருகிறவர்களின் மாவெல்லாம் நீலம் பாரித்துப்போகும். அதனால் ராசாத்தாள் அந்த டின்னைப் பொழுது சாய்கிற வரைக்கும் ஓரமாக வைத்திருந்து, கடைசியாக அரைத்து, பிறகு ஒரு படி நொய்யைப் போட்டு ஓட்டி கல்லைச் சுத்தம் செய்வாள். இவ்வளவு சிரமப்பட்டும், அது எதற்கென்று அவளுக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டபோது ஹில்டா, "ஸ்வீட்டு, ராசா. எங்க வீட்டு ஸ்வீட்டு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று மில்லுக்கு ஒரு தட்டு வரும். வெள்ளைத் துணி மூடி, அச்சுமுறுக்கு, சிப்பி போலச் சுருட்டிப் பொரித்த கல்கல், பழுப்பு நிறக் கேக் ஒரு துண்டு, ஓரத்தில் கறுப்பாகப் பளபளக்கும் இரண்டு சதுரங்கள். ராசாத்தாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். ஆனால் அந்தத் தட்டு அவள் வீட்டுக்குள் போகாது. மாமியார் சுப்பாத்தாள், "அதுல என்னென்னத்த ஊத்தறாங்களோ, ஆரு கண்டா? கொண்டுட்டு வராத அம்மணி" என்று முதல் வருடமே சொல்லிவிட்டார். மூட்டை இறக்க வருகிற மாசாணத்துக்குத்தான் அது போய்ச் சேரும்.

"கறுப்பா இருக்குதே, அது எப்படி இருந்துச்சு?" என்று ராசாத்தாள் ஒவ்வொரு வருடமும் கேட்பாள்.

"அல்வாக்கணக்கா இருக்குதுங்க. ஆனா அல்வா இல்லீங்க" என்பான் மாசாணம். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

தொண்ணூறாம் வருடம் கோடையில் சுப்பாத்தாள் போய்ச் சேர்ந்தார். அந்த டிசம்பரில் தட்டு வந்தபோது ராசாத்தாள் மில் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, கறுப்புச் சதுரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். முதலில் கருப்பட்டி. பின்னாலேயே தேங்காய்ப்பாலின் வழுவழுப்பு. அது கரைந்த பிறகு, பொடிப் பொடியாக அரிசி நாக்கில் நின்றது. மெல்ல மெல்ல அதிலிருந்து இன்னொரு ருசி வந்தது, அடுப்பில் லேசாகத் தீய்ந்த சோற்றின் வாசம் மாதிரி. இன்னொன்றையும் தின்றாள். அன்றைக்கு மாசாணத்துக்கு அச்சுமுறுக்குதான் கிடைத்தது.

அடுத்த வருடம் அந்தச் சதுரத்துக்காகவே அவள் டிசம்பரை எதிர்பார்த்திருந்தாள். ஹில்டா டின்னோடு வந்தார், அரைத்துக்கொண்டு போனார். தட்டும் வந்தது. கறுப்புச் சதுரம் மட்டும் இல்லை. தொண்ணூற்றிரண்டில் டின்னே வரவில்லை. தொண்ணூற்று மூன்றில் அச்சுமுறுக்கும் இல்லை. தட்டில் ஒரு துண்டு பேக்கரி கேக், மேலே ரோஜாப்பூ வைத்த ஐசிங். தொண்ணூற்று நான்கிலும் அதே. ராசாத்தாள் ஐசிங்கை வழித்துப் போட்டுவிட்டுக் கேக்கைத் தின்றாள். மெத்தென்று இருந்தது, அவ்வளவுதான்.

"ஒரு துண்டு பலகாரம். அதுக்கு எதுக்கு இத்தன ரோசன?" என்றார் காளிச்சாமி.

"ஆசைக்கு இல்லீங்க மாமா. பன்னெண்டு வருசமா அரைச்சுக் குடுத்தனுங்க. அது என்னன்னு தெரிஞ்சப்ப நின்னு போச்சு. ஏன் நின்னுச்சுன்னாவது தெரிய வேண்டாமுங்களா?"

தொண்ணூற்றைந்து டிசம்பர் முதல் ஞாயிறு. மில்லுக்கு விடுமுறை. சர்ச் விட்டு ஆட்கள் வீடு திரும்பிய நேரத்தில் ராசாத்தாள் ஹில்டாவின் வீட்டுக் கேட்டைத் திறந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் போவது அதுவே முதல் தடவை. ஹில்டா பயந்துபோய், "என்ன ராசா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தார்.

"ஆருக்கும் ஒண்ணும் இல்லீங்கம்மா. ஒரு சங்கதி கேக்கோணும். கோவிச்சுக்கப்படாது."

"சொல்லு."

"மூணு வருசமாக் கறுப்பரிசி வர்றதில்லீங்களே. ஏனுங்க?"

ஹில்டா சிரித்தார். "இதைக் கேக்கவா வெயில்ல நடந்து வந்தே?"

"மனசுல கெடந்து அரிக்குதுங்க."

உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தார் ஹில்டா. அந்தப் பலகாரத்துக்குப் பெயர் டோடல் என்றார். அம்மாவிடமிருந்து வந்தது, அம்மாவுக்கு அவர் அம்மாவிடமிருந்து. அதற்கு முன்னால் யாரிடமிருந்து என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. சொல்லிக்கொண்டே வலது கையை மடியில் வைத்து மறு கையால் தடவிக்கொண்டார்.

"கை போயிடுச்சு, ராசா. தொண்ணூத்தொண்ணுல கிண்டினேன். பசையா வந்துச்சு. சுவத்துல போஸ்டர் ஒட்டலாம், அந்த மாதிரி. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கிண்டினேன். அதுவும் பசை. முப்பத்தஞ்சு வருஷம் கிண்டின கை. சரி, வயசாயிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். பெரிய செம்பு உருளியையும் பாத்திரக்காரனுக்குப் போட்டுட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும் ஐசிங் கேக்தான் கேக்குதுங்க. அது ஒண்ணுதான்னு இல்ல, அச்சுமுறுக்கு, கல்கல் எல்லாத்தையும் விட்டேன். ஒண்ணு கை விட்டா மத்ததுக்கும் மனசு வரல."

ராசாத்தாளுக்கு ஏனோ அந்தக் கதை முழுதாகப் படவில்லை. கை என்பது ஒரே வருடத்தில் போகிற பொருளா? டீயைக் குடித்து முடித்து, "அரிசி நான் கொண்டாரனுங்க. ஒருக்கா கிண்டிப் பாக்கலாமுங்களா? எனக்குப் பாக்கோணும்" என்றாள்.

கறுப்பு அரிசி சுலபத்தில் கிடைக்கவில்லை. ஹில்டா வழக்கமாக வாங்கிய கடை இப்போது செருப்புக் கடையாகிவிட்டிருந்தது. ராசாத்தாள் டவுன் பஸ் ஏறி ரங்கே கவுண்டர் வீதியில் தனக்குப் பழக்கமான அரிசி வியாபாரி அப்துல் வஹீதைப் போய்ப் பார்த்தாள்.

"கவுனி அரிசி கேக்கறீங்கக்கா. காரைக்குடிப் பக்கம் புட்டுக்கும் கல்யாண விருந்துக்கும் போடுவாங்க. இங்க ஆரு வாங்கறா?" என்ற வஹீது, எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு வாரத்தில் வரவழைத்துக் கொடுத்தார். "ஆயிப்போச்சுன்னா எனக்கும் ஒரு துண்டு அனுப்பிவைங்க. நீங்க சொல்றதக் கேட்டே பாக்கோணும்போல இருக்குது."

ராசாத்தாள் அரைத்தாள். மகள் நந்திதாவின் சீருக்கென்று வாங்கி வைத்திருந்த பெரிய வடச்சட்டியைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். ஹில்டாவின் புழக்கடையில் மூன்று கல் கூட்டி அடுப்பு. ஆறு தேங்காயின் பாலில் முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி. இரண்டாம் பாலில் மாவைக் கரைத்து ஊற்றி, கருப்பட்டிப் பாகு சேர்த்து, கரண்டியை விடாமல் கிண்ட வேண்டும். ஹில்டா கால் மணி நேரம் கிண்டினால் ராசாத்தாள் அரை மணி நேரம். காலை ஒன்பதுக்கு வைத்தது, பன்னிரண்டரைக்குக் கரண்டியோடு மொத்தமாக எழும்பி வந்தது. முதல் பாலும் நெய்யும் ஊற்றியும் சட்டியை விடவில்லை. ஹில்டா ஒரு விரலில் தொட்டு இழுத்தார். நூலாக நீண்டது.

"பாத்தியா? இதான். இதான் என் கை."

ராசாத்தாள் சட்டியைப் பார்த்தபடி நின்றாள். "ஏனுங்கம்மா, பாதிக்கு மேல கிண்டுனது நானுங்க. அப்ப என்ற கையும் போயிருச்சுங்களா?"

ஹில்டா தன் விரலில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தார்.

ராசாத்தாள் மீதமிருந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தாள். முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி வழுக்கியது. "முன்னெல்லாம் மாவு எப்படி இருக்குமுங்க?"

ஹில்டா யோசித்தார். உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து ஒரு கரண்டியைக் கையில் கொட்டினார். "முக்கால்வாசி இந்த மாதிரி. மிச்சம் தூள்."

ராசாத்தாள் அப்படியே அடுப்புக்கல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தொண்ணூற்றொன்று ஆடி கழிந்ததும் பழைய கல் மெஷினைக் கழற்றிப்போட்டு, கணபதி பக்கம் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த புது மெஷினை மாட்டியிருந்தாள். உள்ளே கல்லுக்குப் பதில் இரும்புச் சுத்தியல்கள் சுழலும், கீழே சல்லடை. அரைத்த மாவு பட்டாக விழுந்தது. இடியாப்பத்துக்கு இப்படி ஒரு மாவு வந்ததே இல்லை என்று ஊரே மெச்சியது. அந்த டிசம்பரில் ஹில்டா கொண்டுவந்த டின்னும் அதற்குள்தான் போயிற்று.

"போனது உங்க கை இல்லீங்கம்மா" என்றாள். "என்ற மெஷினுங்க."

நடந்ததை அவள் ஹில்டாவிடம் சொல்லி முடித்தாள். பிறகு அவருக்குக் கோபம்தான் வந்தது. "நாலு வருஷம், ராசா! நாலு வருஷமா நான் கிழவியாயிட்டேன்னு உக்காந்திருந்தேன். உருளியை வித்தேன்!" ராசாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமுங்க" என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தானும் கேட்டிருக்கலாமே. அந்த வருடத் தட்டில் சதுரம் இல்லாதபோதே கேட்டிருக்கலாம்.

மில்லுக்குத் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தாள். கல்லை மறுபடி மாட்டுவதென்றால் மெஷினையே பிரிக்க வேண்டும். வேண்டாம். சல்லடையின் கண் பெரிதாக இருந்தால் போதும். அப்படி ஒன்று இருந்தது, மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளம் உடைக்கிற சல்லடை. அதைக் கழற்றி, சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் இரண்டு தரம் அலசிக் காயவைத்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த காளிச்சாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாட்டுத்தீவனச் சல்லடையிலயா அந்தம்மாளுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம்?"

"தேச்சுக் கழுவிப்போட்டனுங்க. சல்லடைக்கு மாடுன்னும் மனுசன்னும் தெரியுமுங்களா?"

அந்தச் சல்லடையில் விழுந்தது மாவு இல்லை, குருணை. ஒரு பிடியைச் சின்னக் கிண்ணத்தில் தேங்காய்ப்பாலோடு காய்ச்சிப் பார்த்தாள். பல்லுக்குள் கல்லாகக் கடிபட்டது. அதில் கொஞ்சத்தை மறுபடி போட்டு அரைத்தாள். சின்னக் கண் சல்லடையில் அரைத்த மாவை ஒரு பங்கும் இதை மூன்று பங்குமாகக் கலந்தாள். மறுநாள் இரண்டுக்கு மூன்று. இப்படி நாலு நாள் மில் வேலைக்கு நடுவே கிண்ணம் கிண்ணமாகக் காய்ச்சியதில் மாசாணத்துக்கு வயிறு உப்பிப்போனது. நாலாம் நாள் ஒரு கிண்ணத்திலிருந்து எடுத்து வாயில் போட்டவன், மென்று விழுங்கிவிட்டு மறுபடி கிண்ணத்தில் கை விட்டான்.

"அல்வா இல்லீங்க" என்றான்.

டிசம்பர் இருபத்திரண்டு காலை மறுபடி அதே மூன்று கல் அடுப்பு. இந்தத் தடவை பன்னிரண்டு மணிக்கெல்லாம் சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டது. இன்னும் கொஞ்சம் கிண்டியதும் நெய் வெளியே கசிந்தது. தட்டில் கொட்டித் தேய்த்து, ஆறியதும் ஹில்டா கத்தியை எண்ணெயில் தொட்டுச் சதுரம் போட்டார். முதல் துண்டை அவரே வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"உப்பு ஒரு சிட்டிகை கம்மி" என்றார் ஹில்டா. பிறகு இரண்டாவது துண்டை எடுத்தார். மூன்றாவதையும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு டோடல் போனது. அப்துல் வஹீதுக்கும் போனது. வயதானவர்கள் ஹில்டாவைத் தேடி வந்து எங்கே கிடைத்தது, எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு ஐசிங் கேக்குக்கே திரும்பிப் போனார்கள். அதில் மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் அடுத்த டிசம்பரில் நாலைந்து வீட்டிலிருந்து மில்லுக்குக் கறுப்பு அரிசி வந்தது. "அந்தச் சல்லடை போட்டுக் குடுங்க" என்று கேட்டே வாங்கிக்கொண்டார்கள். ஹில்டா அச்சுமுறுக்குக்கும் அரிசி கொண்டுவந்தார்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் ஹில்டாவின் மகள் வந்து அவரை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பெர்த் நகரம். போகும்போது பெட்டியில் மூன்று கிலோ மாவு கட்டிக்கொண்டு போனார். மார்ச் மாதம் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த கடிதத்தை, சரவணம்பட்டிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நந்திதா மில் வாசலில் நின்று தமிழில் படித்துச் சொன்னாள்.

மாவை ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்களாம். ஒரு வாரம் அந்தக் கோபத்திலேயே இருந்தாராம். அப்புறம் மகள் வீட்டுத் தெருமுனையில் இந்தோனேசியாக்காரப் பெண் ஒருத்தி வைத்திருக்கும் கடைக்குப் போனபோது, பனை ஓலைக் கலரில் ஒரு பொட்டலம். மேலே டோடல் என்று எழுதியிருந்ததாம். அதே பெயர்! ரம்ஜானுக்கு அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிண்டுவார்களாம். தேங்காய்ப்பால், வெல்லம், அரிசி மாவு, எல்லாம் அதேதான்.

"அப்புறம் எழுதியிருக்காங்கம்மா" என்று நந்திதா சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள். "'ராசா, வாங்கி வந்து பிரிச்சுப் பாத்தேன். பசை. நூலா இழுக்குது. நம்ம புது மெஷின்ல வந்துச்சே, அச்சு அசல் அதே. நான் அந்தப் பொண்ணுகிட்ட, கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். அவ, இல்லைங்க, இப்படி இழுத்தாத்தான் நல்ல டோடல், அரிசி நாக்குல பட்டா எங்க அம்மா வெளிய கொட்டிடுவாங்கன்னு சொல்றா.'"

ராசாத்தாள் சுவிட்சை அணைத்தாள். மெஷின் சுழன்று சுழன்று நின்றது.

"அந்த ஊர்ல இருந்து நம்ம போத்தனூருக்கு அது எப்படி கண்ணு வந்துச்சு? ரயில்லயா, கப்பல்லயா? இக்கட்ட இருந்து அக்கட்டப் போச்சா, அக்கட்ட இருந்து இக்கட்ட வந்துச்சா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"நோட்ட எடு. எழுது."

அந்தப் பதில் கடிதத்தில் நலம் விசாரிப்பு இரண்டு வரி. மீதி ஒன்றரைப் பக்கம் கேள்வி. அங்கே கறுப்பு அரிசி போடுகிறார்களா, வெள்ளையா? கல்லிலா அரைக்கிறார்கள், மெஷினிலா? கருப்பட்டி பனையிலிருந்தா, தென்னையிலிருந்தா? உப்பு எவ்வளவு? அந்தப் பெண்ணின் பாட்டன் முப்பாட்டன் யாராவது இந்தப் பக்கம் கப்பலில் வந்ததுண்டா? இப்படி மொத்தம் ஏழு. நந்திதா விரல் வலிக்க எழுதி, தபால்காரரிடம் கொடுத்தாள். காளிச்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

ஜூனில் பதில் வந்தது. ஏழு கேள்வியில் நான்குக்குத்தான் விடை இருந்தது. மீதி மூன்றை அந்தப் பெண் ஊர்க்காரர் ஒருவரை விட்டு அவளுடைய அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, பதில் எழுதச் சொல்லியிருக்கிறாளாம். அந்த அம்மா ஜாவாவில் ஒரு கிராமத்தில் இருக்கிறாராம், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம், ஆனால் கேள்விகளைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம்.